சந்தைக்கும் ஒரு மகமை

சோப்புச் செய்யவும் குரோஷா பின்னவும் கற்றுத்தரும் பயிற்சிகளுக்கு விருதுநகர் மாவட்டத்தில் குறைவில்லை. பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் தருகிறார்கள், வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். மகளிர் தினம், பொங்கல், தீபாவளி என்று அவ்வப்போது பந்தல் போட்டுக் கண்காட்சியும் நடக்கிறது. இரண்டு நாள் வியாபாரம் ஆகும். மூன்றாம் நாள் பந்தல்காரர் கம்பைப் பிடுங்கிவிடுவார். வாங்கிப்போன சோப்பு ஒருவருக்குப் பிடித்துப்போனால், அது தீர்ந்ததும் அவர் எங்கே போய்க் கேட்பார்? விற்றவரின் ஊர் வாங்கியவருக்குத் தெரியாது. வாங்கியவரின் முகம் விற்றவருக்கு மறந்திருக்கும்.

சோப்பு மாதாமாதம் தீரும் பண்டம். மறுபடி மறுபடி வாங்குகிறவர்கள் இருந்தால்தான் அது தொழிலாகும். அதற்கு ஆண்டுக்கொரு முறை திருவிழாக் கூட்டம் உதவாது. ஊருக்குத் தெரிந்த ஓர் இடத்தில், ஊருக்குத் தெரிந்த ஒரு கிழமையில், மழை வந்தாலும் வெயில் அடித்தாலும் கூடுகிற சந்தை வேண்டும். சிவகாசியிலும் விருதுநகரிலும் அப்படிப்பட்ட கைவினைச் சந்தையை நிலையாக நடத்துவது மகளிர் திட்ட அலுவலகத்தின் வேலை மட்டும் என்று மற்றவர்கள் ஒதுங்கி நிற்பது சரியில்லை. எண்ணெய் வியாபாரி, நூற்பாலை, அச்சகம், கல்லூரி, மாநகராட்சி, பட்டாசு முதலாளி, வாங்க வருகிறவர், விற்கிறவர் எல்லாருக்கும் இதில் ஆளுக்கொரு பங்கு இருக்கிறது.

மற்ற மாவட்டங்களைவிட இங்கே இது அவசரமாவதற்குக் காரணம் உண்டு. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை பொய்த்த கரிசல் காட்டில் அது பிழைப்புக்கு வழி திறந்தது. பிறகு பட்டாசும் அச்சும் சேர்ந்தன. இன்று நாட்டில் வெடிக்கும் பட்டாசில் ஏறக்குறைய 90 விழுக்காடு இந்த வட்டாரத்தில் தயாராகிறது. ஆனால் சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளில் எல்லாருமே ஒரே தொழிலுக்குப் போகிறார்கள். அந்தத் தொழில் நின்றால் வீடே நின்றுபோகிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. நவம்பரில் பூட்டிய ஆலைகள் திறக்க 2019 மார்ச் வரை ஆனது. அத்தனை மாதமும் எப்படிக் கழிந்தது என்று அந்த ஊர்ப் பெண்களைக் கேட்டால் நகைக்கடனையும் வட்டியையும்தான் சொல்வார்கள். சரம் பின்னியே பழகிய விரல்களுக்குத் தடையோடு வேலையும் போயிற்று.

பட்டாசு விபத்துகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முதலிப்பட்டியில் 2012இல் 38 பேர். அச்சங்குளத்தில் 2021இல் இருபது பேருக்கு மேல். செங்கமலப்பட்டி 2024, சின்னக்காமன்பட்டி 2025. இறந்தவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். இவற்றோடு நாளிதழின் உள்பக்கத்தில் அடிக்கடி வரும் சின்னச் செய்தி ஒன்று உண்டு: வீட்டில் பட்டாசுக்கான கருந்திரி வைத்திருந்ததாகக் கைது. கைக்குழந்தையையோ படுக்கையில் கிடக்கும் மாமியாரையோ விட்டுவிட்டு ஆலைக்குப் போக முடியாத பெண்ணுக்கு, வாசலுக்கே வந்து சேரும் வேலை அந்தத் திரி தயாரிப்பு. அடுப்பு எரியும் வீட்டுக்குள் மருந்து நூல். அந்த வீட்டுக்கு வேறொரு வேலையை நாம் கொண்டுபோய்ச் சேர்க்காத வரை, கைது செய்வதால் மட்டும் கருந்திரி நிற்காது.

சோப்பும் குரோஷாவும் பட்டாசுக் கூலியை முழுதாக ஈடுகட்டிவிடும் என்று யாரும் ஆசை காட்டக் கூடாது. ஈடுகட்டாது. ஆலை மூடிக் கிடக்கும் மாதங்களில் சுய உதவிக் குழுக் கடன் தவணை தவறாமல் கட்டவும், வெளியே போக முடியாத பெண்ணின் கையில் நாலு காசு புழங்கவும் அது போதும். அந்த அளவுக்காவது அது நடக்க வேண்டுமானால் முதலில் பொருள் சுத்தமாக இருக்க வேண்டும்.

சோப்பை எடுத்துக்கொள்வோம். குழுக்கள் விற்கும் சோப்புகளில் பல, கடையில் கட்டியாக வாங்கிய சோப் பேஸை உருக்கி, குப்பைமேனியோ கற்றாழையோ சேர்த்து அச்சில் ஊற்றியவை. அதில் தவறில்லை; தொடங்குகிறவர்களுக்கு ஆபத்தில்லாத வழி அதுதான். ஆனால் அதில் உள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழை நாளில் மேசைமேல் பிரித்து வைத்த சோப்பில் முத்து முத்தாய் நீர் கோத்து நிற்கும். கையில் எடுத்தவர், “என்னக்கா, கெட்டுப்போச்சா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். ஆறியதும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி வைத்தால் அப்படி ஆகாது. பயிற்சி வகுப்பு சில நாளிலேயே முடிந்துவிடுவதால் இந்த விஷயம் பலருக்குச் சொல்லப்படுவதே இல்லை.

எண்ணெயிலிருந்தே சோப்புக் காய்ச்சுகிறவர்கள் இன்னொரு வகை. லாபம் அதில்தான் அதிகம், கவனமும் அதில்தான் அதிகம் வேண்டும். 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுதும் சோப்பாக மாற ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். நல்லெண்ணெய்க்கு அதே அளவு போட்டால் காரம் மிஞ்சித் தோலை அரித்துவிடும். அதற்குச் சுமார் 135 கிராம்தான் கணக்கு. படியிலும் கரண்டியிலும் அளக்கிற வேலை இல்லை இது, கிராம் தராசு கட்டாயம். தண்ணீரில்தான் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காஸ்டிக்கின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக் அதைத் தின்று ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். ஈரம் பட்ட அலுமினியப் பவுடர் என்ன செய்யும் என்று தெரிந்த சிவகாசிக்காரர்களுக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல், பிள்ளைகள் ஓடியாடும் அடுக்களையில் இதைக் காய்ச்சக் கூடாது. வெடிமருந்திலிருந்து விலக்கிக் கூட்டிவந்த பெண்ணின் கண்ணைக் காரத்துக்குக் கொடுத்துவிட்டால் நம்முடைய நல்லெண்ணத்துக்கு என்ன பொருள்? வெட்டிய கட்டிகளை நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட அடுக்கி வைத்த பிறகே விற்க வேண்டும். அந்த ஆறு வாரமும் போட்ட பணம் அலமாரியில் தூங்கும். அவசரத்துக்குக் காசு தேவைப்படுகிறவர் பத்தாம் நாளே விற்றுவிடுகிறார் என்றால், அதற்குக் காரணம் பேராசை அன்று, கையிருப்பு இல்லாததுதான்.

சட்டத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தியாவில் குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள் என்ற வகையில் வருகிறது. 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள்படி உரிமம் இல்லாமல் செய்து விற்க இடமில்லை. தயாரிக்கும் இடம் இப்படி இருக்க வேண்டும், தகுதியுள்ள ஒருவர் மேற்பார்வை பார்க்க வேண்டும், உறையில் சேர்மானமும் உரிம எண்ணும் இருக்க வேண்டும் என்று விதி விரிகிறது. ஓட்டு வீட்டுத் திண்ணையில் இருக்கும் ஒருவரால் தனியாக இதையெல்லாம் நிறைவேற்ற முடியாது. பயிற்சி கொடுக்கும்போது இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, பிறகு ஒருநாள் ஆய்வாளர் வந்து கேட்கும்போது அந்தப் பெண்ணைத் தனியே நிற்க விடுவது நியாயமில்லை. அதே விதிகளில் வழியும் இருக்கிறது. உரிமம் பெற்ற ஒரு கூடத்தில் இன்னொருவர் தம் பெயரில் தயாரித்துக்கொள்ள லோன் லைசென்ஸ் பெறலாம். சிவகாசியில் ஒன்று, விருதுநகரில் ஒன்று என்று இரண்டு பொதுக் கூடங்கள் போதும். எவர்சில்வர் பாத்திரங்கள், தராசு, காற்றோட்டமான அடுக்கு, வேதியியல் படித்த ஒரு பொறுப்பாளர். குழுக்கள் முறை வைத்து வந்து காய்ச்சிக்கொள்ளலாம். மாவட்டத் தொழில் மையம் இதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரிகளுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் பெண்கள் கல்லூரி, விருதுநகரில் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி, செந்திக்குமார நாடார் கல்லூரி என்று பெயர்பெற்ற கல்லூரிகள் இந்த மண்ணின் வியாபாரிகள் கட்டியவை. ஒரு சோப்பில் மிஞ்சியிருக்கும் காரத்தை அளப்பது இளநிலை வேதியியல் மாணவி செய்முறை வகுப்பில் செய்யக்கூடிய சோதனைதான். மாதம் ஒருநாள் அந்த ஆய்வகக் கதவு குழுப் பெண்களுக்குத் திறந்தால், மாணவிக்கு உண்மையான பாடம் கிடைக்கும்; வாங்குகிறவருக்கும் நம்பிக்கை வரும்.

விற்கிறவர்கள் பக்கத்திலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். ‘தோல் நோய் அனைத்தும் தீரும்’, ‘ஏழே நாளில் சிவப்பழகு’ என்றெல்லாம் உறையில் போடுவதை விட்டுவிட வேண்டும். நோய் தீரும் என்று எழுதிவிட்டால் சட்டப்படி அது மருந்து என்ற வகைக்குப் போய்விடும். அதைவிட முக்கியமாக, படை வந்த பிள்ளையை அந்தச் சோப்பை நம்பி டாக்டரிடம் காட்டாமல் இருந்துவிடும் தாய் ஒருத்தி எங்கோ இருக்கிறாள். என்ன எண்ணெய், என்ன இலை, எந்தத் தேதி, எத்தனை கிராம், யார் செய்தது என்று நேர்மையாக எழுதினாலே போதும். நாடு முழுவதுக்கும் லேபிள் அச்சடித்து அனுப்புகிற சிவகாசியில், உள்ளூர்ப் பெண் ஜெராக்ஸ் தாளை வெட்டிச் சோப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறார். ஆப்செட்டில் ஆயிரக்கணக்கில் போட்டால்தான் கட்டுபடியாகும். அவருக்கு வேண்டியதோ இருநூறு. பத்துக் குழுக்களின் லேபிளை ஒரே தாளில் அடுக்கி ஓட்டினால் அச்சகத்துக்கு அது ஒரு மணி நேர வேலைகூட இல்லை. அச்சகச் சங்கம் மாதம் ஒரு தாள் அப்படி ஓட்டிக் கொடுப்பதாக முடிவெடுக்கலாம்.

பின்னல் பொருளின் சிக்கல் வேறு. கம்பளி ஸ்வெட்டருக்கு இந்த வெயிலில் ஆள் இல்லை. பருத்தி நூலில் பின்னிய குழந்தைத் தொப்பி, வாசல் தோரணம், போன் பை, மேசை விரிப்பு இவைதான் போகும். ராஜபாளையத்தில் நூற்பாலைகள் இருந்தும் பெண்கள் சில்லறைக் கடையில் உருண்டை உருண்டையாய் அதிக விலைக்கு நூல் வாங்குகிறார்கள். ஆலைகள் மூட்டைக் கணக்கில் மட்டுமே விற்கும். கோன் அடியில் மிஞ்சும் நூலையும் ஒரு கிலோ, இரண்டு கிலோவாக உடைத்த நூலையும் ஆலைவிலைக்குச் சந்தையிலேயே ஒரு கடை வைத்துக் கொடுத்தால் பாதிச் சுமை குறையும்.

மீதிச் சுமை நேரம். குரோஷாவை இயந்திரம் பின்னாது. உலகத்தில் எங்கே குரோஷாப் பொருள் மலிவாகக் கிடைத்தாலும், அதன் பின்னால் ஒரு பெண்ணின் மலிவான மணிநேரம் இருக்கிறது. எட்டு மணி நேரம் பிடிக்கும் ஒரு விரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நூலுக்கு 80 ரூபாய். 200 ரூபாய்க்கு விற்றால் கையில் நிற்பது 120. மணிக்கு 15 ரூபாய். 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கே நாள் கூலி 336 ரூபாய். அந்த 200 ரூபாயையும் கேட்டு, “அம்பது குறைச்சுக்கோங்கக்கா, சும்மா இருக்கிற நேரத்துல போட்டதுதானே” என்கிறோம். “சும்மா எங்க தாயி இருக்கோம், ராத்திரி பிள்ளைகள் படுத்த பொறவு பின்னுனது” என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லி, கடைசியில் கொடுத்தும்விடுகிறார்.

ஆந்திரத்தில் நரசாப்பூர்ப் பக்கத்தில் லேஸ் பின்னிய பெண்களைப் பற்றி மரியா மீஸ் எழுதிய ஆய்வு நூல் 1982இல் வந்தது. வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகி வணிகர்களைச் செல்வர்களாக்கிய அந்தத் தொழிலில், பின்னிய பெண்கள் தொழிலாளிகளாகவே எண்ணப்படவில்லை. இல்லத்தரசிகள் ஓய்வு நேரத்தைப் போக்குகிறார்கள் என்றே எல்லாரும் சொன்னார்கள், அந்தப் பெண்களும் அப்படியே நம்பினார்கள் என்று அவர் காட்டினார். நம் மாவட்டத்தில் அந்தக் கதை நடக்கக் கூடாது. சந்தைக்குழு ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் நூல்விலையோடு மணிநேரக் கூலியையும் சேர்த்து ஓர் அடிவிலையைக் கட்டிப் பலகையில் எழுதிவிட வேண்டும். அதற்குக் கீழே யாரும் கேட்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். அந்த விலைக்கு விற்காத பொருளைப் பின்னுவதைக் குறைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்தில் முடியும் சின்னப் பொருள்களுக்கு மாறுவதும் நல்லது.

சோப்புக்கு விலைப்போட்டி இன்னும் கடுமை. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பின் ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. பெரிய கம்பெனிச் சோப்பு விலை இறங்கிய அதே ஆண்டில் தேங்காய் எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியது. விலையில் கம்பெனியோடு மோத முடியாது; எண்ணெய்ச் செலவையாவது குறைக்கலாம். பத்திரிகையில் எண்ணெய்விலை பார்க்கிறவர்களுக்கு விருதுநகர் மார்க்கெட் என்ற பெயர் தெரியும். 15 கிலோ டின் கணக்கில் எண்ணெய் கைமாறும் ஊர் இது. அந்த மொத்தவிலைக்கே குழுக்களின் கூட்டமைப்புக்கு டின் கிடைக்கும்படி செய்வதும், ஆறு வாரம் காயும்வரை பணத்துக்குப் பொறுப்பதும் எண்ணெய் வியாபாரிகளுக்குப் பெரிய விஷயமல்ல.

இடத்துக்கு வருவோம். புதுக் கட்டடம், அடிக்கல், திறப்பு விழா எதுவும் இதற்குத் தேவையில்லை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது, அடையாள அட்டை, எடைத் தராசு, விலைப் பலகை, இடைத்தரகர் இல்லாத கடை என்று ஒரு முறை உருவானது. அது இன்றுவரை நிற்கிறது. நம் மாவட்டத்து உழவர் சந்தைகளிலும் காய்கறி வியாபாரம் காலையோடு பெரும்பாலும் முடிந்துவிடும். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அதே மேடைகளைக் கைவினைச் சந்தைக்குக் கொடுத்தால் கூரை, தண்ணீர், விளக்கு எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. குழுப் பெண்கள் அடையாள அட்டை காட்டி 25 கிலோ வரை அரசுப் பேருந்தில் கட்டணமில்லாமல் ஏற்றிவரலாம் என்று 2025இல் அரசு அறிவித்திருக்கிறது; நடத்துநர்கள் முகம் சுளிக்காமல் அதை நடைமுறைப்படுத்த வேண்டும். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களும் இருக்க வேண்டும். சிவகாசி மாநகராட்சி அந்தப் பெண்களையே சந்தைக்குழுவிலும் சேர்த்துக்கொள்ளலாம்.

செலவுக்கு வழி நம் ஊர் வரலாற்றிலேயே இருக்கிறது. விருதுநகர் விருதுப்பட்டியாக இருந்த காலத்தில் அதன் பேட்டைகளில் வந்திறங்கிய சரக்கில் இத்தனைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துவைத்தார்கள். அந்தப் பணத்தில் 1889இல் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்துப் பள்ளியை நடத்தினார்கள். காமராசர் படித்தது அந்தப் பிடியரிசிப் பள்ளியில்தான். மகமை ஒரு சமூகத்தாரின் உறவின்முறைக்குள் பிறந்த ஏற்பாடு என்பது உண்மை. இன்று சந்தைக்கு வரப்போகும் பெண்கள் எல்லாச் சாதியையும் சேர்ந்தவர்கள், எல்லா மதத்தையும் சேர்ந்தவர்கள். அந்தப் பழைய ஏற்பாட்டை ஊர் முழுவதுக்குமாக விரித்துப் புதுப்பிப்பதுதான் அதைக் கண்டுபிடித்தவர்களுக்குச் செய்யும் மரியாதை. பட்டாசு, அச்சு, எண்ணெய், பருப்பு வியாபாரச் சங்கங்கள் தங்கள் விற்றுமுதலில் சிறு பங்கை ஒதுக்கினால் பொதுக் கூடத்தின் வாடகையும் பொறுப்பாளரின் சம்பளமும் அதிலிருந்து போய்விடும். சந்தையில் விற்கிற பெண்களும் விற்றதில் நூற்றுக்கு ஒரு ரூபாய் போடட்டும். தங்கள் காசும் அதில் கலந்திருந்தால்தான் நிர்வாகத்தில் கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு உறுதியாகும்.

பட்டாசு உற்பத்தியாளர்கள் பணத்தைவிடப் பெரிய உதவி ஒன்று செய்யலாம். ஒவ்வோர் ஆண்டும் நாடு முழுவதும் உள்ள ஏஜெண்டுகளுக்குத் தீபாவளிப் பரிசு அனுப்புகிறார்கள். எண்ணெய்க் குளியலோடு பிறக்கும் பண்டிகைக்கு, தங்கள் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் செய்த நல்ல சோப்பும் ஒரு தோரணமும் அந்தப் பெட்டியில் இருக்கட்டும். சித்திரையிலேயே எண்ணிக்கையைச் சொல்லி, பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டால் ஆறு வாரம் காயவைக்கும் பொறுமை தானாக வரும். நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மால்ட் அம்மையாரும், பின்னர் இடையன்குடியில் அவர் மகள் எலைசா கால்டுவெல்லும் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தபோது, அதை வாங்கும் ஆட்களைத் தேடும் பொறுப்பையும் கூடவே ஏற்றுக்கொண்டார்கள். பயிற்சி தருகிற ஒவ்வொருவரும் அந்த இரண்டாவது பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

இதற்கு முதல் கூட்டத்தை மாவட்ட ஆட்சியர் கூட்டுவதுதான் பொருத்தம். எல்லாச் சங்கங்களும் அவர் அழைத்தால் வரும். குழுக் கூட்டமைப்புப் பெண்கள் அந்தக் கூட்டத்தில் மனு கொடுக்கிறவர்களாக அல்லாமல் மேசையில் உட்கார்ந்து பேசுகிறவர்களாக இருக்க வேண்டும். சிவகாசி அச்சகங்கள் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டி ஆல்பத்தை வெளியிடுவது வழக்கம். அதற்கு முன்பாகச் சந்தைக்கான இடமும் கிழமையும் முடிவாகிவிட்டால், உள்ளூருக்குப் போகிற தினசரி நாட்காட்டித் தாள்களில் சந்தை நாளையும் சேர்த்தே அச்சடித்துவிடலாம்.